பெட்டிக்கு இந்தப் பக்கம்

கடுகு வெடிப்பதுபோல ரேடியோ கரகரத்தால் இப்போதும் விளக்கு சோதிக்க வந்த அந்தப் பெரியவர் நினைவு வந்துவிடுகிறது. திருத்தணியில் என் அக்காவின் கணவர், பாவா, செய்த எல்இடி விளக்குகளைக் கடைக்காரர்கள் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த நேரம். விளக்கைப் போட்டால் ரேடியோ இரைகிறதாம். எங்கள் வீட்டில் போட்டாலும் இரைந்தது. அதற்குப் பக்கத்து வீட்டு விசைத்தறிதான் காரணம் என்று பாவா அந்தத் தறிக்காரரோடு பேச்சையே விட்டிருந்தார்.

சோதிக்க வந்தவர் ஒல்லியானவர், புருவம்கூட நரைத்திருந்தது. கனத்த இரும்புப் பெட்டி ஒன்றைக் கரண்டுக்கும் விளக்குக்கும் நடுவில் மாட்டி, இரைச்சலை அளக்கும் திரை வைத்த மீட்டரை அதோடு இணைத்தார்.

"தறிய நிறுத்தினாதான் சரியா தெரியும் சார். ஆனா அவன்கிட்ட நான் போயி கேக்க மாட்டேன்" என்றார் பாவா.

"ஓடட்டுங்க. லைன்ல வர்ற இரைச்சல இந்தப் பெட்டி அந்தப் பக்கமே நிறுத்திடும். விளக்கோட இரைச்சல் மட்டும்தான் மீட்டருக்குப் போவும்."

இதை ரகசியம்போலச் சொன்னார். அளந்துகொண்டிருந்த நேரமெல்லாம் கிசுகிசுப்புதான். அந்தக் கருவிக்குப் பேச்சு கேட்காது. சுவருக்கு அப்பால் தறி வேறு தடதடத்துக்கொண்டிருந்தது. பிறகு ஏன் கிசுகிசுத்தார் என்பது எனக்கு இன்றும் புரியவில்லை. நாங்களும் மூச்சடக்கி நின்றோம். திரையில் பச்சைக் கோடு எங்கள் மலையைப்போல மெல்ல எழுந்தது.

"தறி இல்லீங்க, விளக்கேதான். உள்ள ஒரு ஃபில்டர் வச்சா அடங்கிடும்."

பாவா அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பஸ் ஏற்றிவிடும்போது சொன்னார்.

"ஆங்... மாத்திட்டுக் கூப்புடறேன் சார். அன்னிக்கு நானே போயி தறிய நிறுத்தச் சொல்றேன்."

படியில் நின்றவர் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார்.

"தறி ஓடட்டுங்க. நீங்க போயி பேசிட்டு மட்டும் வாங்க."