தீட்டென்று தள்ளிய தோளில் அய்யனார் புரவி

இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று டாக்டர் சொன்னபோது நான் அழவில்லை. என் சித்தப்பா மகன் ராசு சொன்ன ஒரு சொல்லுக்குத்தான் அழுதேன்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆழ்துளைக் கிணறு தோண்டும் அடுத்தவன் போர் வண்டியில் குழாய் தூக்கி, பிறகு சொந்தமாக இரண்டு வண்டி நிறுத்தியவன். அறந்தாங்கிப் பக்கம் நான் காட்டிய இடத்தில் தண்ணீர் வராமல் போனதில்லை. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அப்படிப்பட்டவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான் என்று அளவு வைத்தார்கள். வாரத்தில் மூன்று நாள் புதுக்கோட்டைக்குப் போய் டயாலிசிஸ் மெஷினில் படுக்க வேண்டும். சாகும்வரை.

எங்கள் ஊர் அய்யனாருக்குப் புரவி எடுத்து, மண்குதிரைகளைக் கோயிலுக்குச் சுமந்து போகும்போது முதல் குதிரைக்கு முன்தோள் கொடுப்பது எங்கள் வீட்டு உரிமை. அப்பாவுக்குப் பின் இருபது வருஷம் நான் கொடுத்தேன். மூன்று வருஷத்துக்கு முன், ஊர்க் கூட்டத்தில் ராசு எழுந்தான்.

“அண்ணன் ரத்தம் வாரத்துல மூணு தடவ வெளிய போயி மெஷினச் சுத்திட்டு வருது. அது தீட்டு. சாமி குதிரையத் தொடலாமா? பாதிப் பொணம் வீட்டுலயே கெடக்கட்டும்.”

நான் போர் போட்டுக் கொடுத்தவர்கள்கூட வாயைத் திறக்கவில்லை. அந்த வருஷம் முன்தோள் ராசுவுக்குப் போனது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. செத்துவிடலாம் என்றிருந்தது.

என் வீட்டுக்காரி வந்து நின்றாள். “நீங்க செத்தா மொத மால போட வாரதும் அந்த ராசு தம்பிதான். எந்திரிங்க” என்றாள்.

ஊசி குத்தும் கையால் என்னால் அம்மிக் குழவி இழுக்க முடியாது. அவளே மிளகாயை அரைத்தாள். அநியாயம் பட்டவர்கள் நியாயம் கேட்டுச் செய்வதுபோல, அய்யனார் கோயில் காவலுக்கு நிற்கும் கருப்பர் மேல் அதைப் பூசிவிட்டு வேண்டினேன். குணமாக்கு என்று கேட்கவில்லை. ராசு சாகவேண்டும் என்றும் கேட்கவில்லை. செத்துப்போனால் யார் பார்ப்பது? அவன் கண் பார்க்க அதே இடத்தில் நான் தோள் கொடுக்க வேண்டும், அதுவரை உயிரை வை என்றேன்.

அன்றிலிருந்து ஒரு தடவைகூட டயாலிசிஸுக்குத் தவறவில்லை. உப்பைத் தொடவில்லை.

அடுத்த வருஷம் புரவி எடுப்பு. குதிரை செய்கிற வேளார்தான் எங்கள் பூசாரியும். குதிரைக்குக் கண் வரைந்து திறந்து முடித்தார். ராசு தோளைக் கொடுக்கப் போனான். வேளார் கையில் போர்த்தியிருந்த துண்டை எடுத்தார். என் கையைப் போலவே அவர் கையிலும் டயாலிசிஸ் ஊசி குத்தும் நரம்பு புடைத்திருந்தது.

“எட்டு மாசமா யாருக்கும் தெரியாம வேற ஊரு ஆஸ்பத்திரில நானும் மெஷின்லதாங்க கெடக்கேன். இந்தக் கையாலதான் மண்ணு பெசஞ்சேன். தீட்டுன்னா இந்தக் குதிரையே தீட்டு. போட்டுட்டு வீட்டுக்குப் போங்க. இல்லாட்டி அண்ணனுக்கு வழி விடுங்கய்யா.”

குதிரையைப் போட்டுவிட்டுப் போக யாருக்குத் துணிச்சல் வரும்? ராசு விலகினான்.

“பின்னால வந்து பிடிப்பா. காலு தடுக்கிராமப் பாத்து வா” என்றேன்.

கோயில்வரை என் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தான். ஒவ்வொரு அடியும் எனக்கு இனித்தது.

நோய் போகவில்லை. என்னோடுதான் போகும், அது தெரியும். ராசுவை மன்னிக்கவும் இல்லை. இப்போது வேளாரை என் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். அங்கே புதிதாக வந்து சுவரைப் பார்த்துப் படுப்பவர்களிடம் என் கதையைச் சொல்கிறேன். சிரிக்கிறார்கள். அடுத்த தடவையும் தவறாமல் வருகிறார்கள்.

அய்யனாரைக் கும்பிடும் சொந்தங்களே, உயிரைக் கொடு என்று மட்டும் கேட்காதீர்கள். எதற்காக என்றும் சேர்த்துக் கேளுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். அவர் கொடுப்பார். வருகிற புரவிக்கும் முன்தோள் என்னுடையதுதான். ராசுவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன்.