முழங்கைக் கட்டில் ஒட்டிய அம்பு

பனியன் கம்பெனியில் செக்கிங் மேசைக்கு வரும் பீஸில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால், அந்த இடத்தைக் காட்டும்படி ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். பழுதைச் சரிசெய்த பிறகுதான் அது பெட்டிக்குள் போகும். புள்ளியியலில் முதுகலை படித்த நான், அந்த அம்பை ஒட்டுகிறவர்களுக்கு மேலாளராகவே காலத்தைக் கழித்தவன். ஓய்வுபெற்றபோது ஒரு சுருள் ஸ்டிக்கர் என் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டது. கருகிய தோசையிலும், கோணலாக மாட்டிய காலண்டரிலும், காரை பெயர்ந்த சுவரிலும் ஒட்டுவேன். "ஏனுங்க, கம்பெனிய விட்டும் செக்கிங்க விட மாட்டீங்களா?" என்று என் மனைவி சிரிப்பாள்.

பொங்கலூரில் இருக்கும் அவளுடைய அக்கா இடுப்பு முறிந்து படுத்தபோது, ஸ்கூட்டர் ஒன்று வாங்கி ஓட்டக் கற்றுக்கொள்வதென்று அவள் முடிவுசெய்தாள். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. நினைத்தபோது போய் அக்காவுக்குத் தலை பின்னிவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

"நான்தான் கூட்டிட்டுப் போறனே" என்றேன்.

"நீங்க கூட்டிட்டுப் போறது வேற, நானாப் போறது வேறங்க."

மாடியில் குடியிருக்கும் பெண் தெற்கிலிருந்து வந்தவர், முதலிபாளையத்தில் டெய்லர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்தான் கற்றுக்கொடுத்தார். "அத்தை, சக்கரத்தப் பாக்காதிய, ரோட்டப் பாருங்க!" என்று பின்னாலேயே ஓடுவார். நான் வாசலில் நின்று "பிரேக், பிரேக்" என்று கத்துவேன்.

"மாமா, நீங்க கொஞ்சம் உள்ள போங்க. நீங்க நிக்கதுனாலதான் அத்தைக்குக் கை நடுங்குது" என்றார் ஒருநாள்.

நான் உள்ளே போகவில்லை. பயிற்சி முடிந்ததும் வண்டியைச் சுற்றிவந்து, கீறல் விழுந்த இடத்திலெல்லாம் அம்பு ஒட்டினேன். முதலில் அவளும் சிரித்தாள். ஒரு ஞாயிறு கேட்டில் மோதி அவளுக்கு முழங்கை சிராய்ந்துவிட்டது. மருந்து போட்டுக் கட்டிவிட்டு, அந்தக் கட்டின் மேலும் ஓர் அம்பை ஒட்டினேன். மாடிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை. அன்றே வண்டியின் மேல் பழைய போர்வை ஒன்றைப் போர்த்திவிட்டாள்.

ஏன் ஓட்டவில்லை என்று நான் கேட்கவே இல்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. விழுந்துவிடுவாளோ என்ற பயம் பாதி. என்னைக் கேட்காமல் அவளால் போய்வர முடியும் என்ற பயம் மீதி. இரண்டுக்கும் பாசம் என்று பேர் வைத்துக்கொண்டேன்.

பிறகு எனக்குத் தோதான நாள்களில் என் பைக்கில்தான் பொங்கலூர் போனோம். அவள் கட்டிலருகே உட்கார்ந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் நான் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். ஒருமுறை அக்காவுக்குப் பாதிப் பின்னல்தான் போட்டிருந்தாள்.

"உடு கண்ணு, மீதிய நானே முடிஞ்சுக்கறேன். உங்கூட்டுக்காரரு கடியாரத்தப் பாக்கறாரு" என்றார் அக்கா. கோபமே இல்லாமல் சொன்னார். அவள் பின்னலை விட்டுவிட்டு எழுந்தாள். திரும்பும் வழியெல்லாம் எனக்கு அந்தப் பாதிப் பின்னல்தான் கண்ணுக்குள்ளேயே நின்றது.

வீட்டுக்கு வந்ததும் போர்வையை எடுத்துவிட்டு ஸ்டிக்கர்களை நகத்தால் சுரண்டினேன். பசை போகவில்லை. தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தேன்.

"என்னங்க பண்றீங்க?"

"பாஸ் பண்றேன்."

"இத்தன டேமேஜோடயா? உங்க வேல போயிருமுங்க!"

"கைக்கட்டுல ஒட்டுனது பெரிய தப்பு. மன்னிச்சுரு."

அவள் ஈரத்துணி ஒன்றைக் கொண்டுவந்து மறுபக்கத்தைத் துடைக்கத் தொடங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமைகள் மறுபடி தொடங்கின. அந்த நேரத்தில் நான் சமையலறையில் வெங்காயம் உரித்தேன். லைசென்ஸ் கைக்கு வந்தபின் ஒரு காலை அவள் தனியாகக் கிளம்பினாள். கேட்டைத் திறந்துவிட்டேன். "பாத்துப் போ" என்பது நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். கம்பெனி பஸ் ஒன்று அவளை ஒட்டிக் கடந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், அவள் தெருமுனையில் கைகாட்டித் திரும்பிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் போன் வந்தது.

"ஏனுங்க, இன்னிக்கு அக்காகூடவே தங்கிக்கறனுங்க. பிரிட்ஜ்ல மாவு இருக்குது. தோசை பிஞ்சு போச்சுன்னா அம்பு ஒட்டி வெய்யுங்க, நாளைக்கு வந்து பாக்கறேன்."

பின்னால் அக்கா சிரிப்பது கேட்டது. நான் அங்கே உட்கார்ந்திருந்த நாள்களில் அவர் அப்படிச் சிரித்துக் கேட்டதில்லை. வண்டி போர்வைக்குள் நின்ற அத்தனை மாதங்களையும் அந்த இருவரிடமிருந்தும் நான் எடுத்துக்கொண்டுவிட்டேன். அதைத் திருப்பித் தர வழியில்லை.

"தல பின்னி முடிச்சாச்சா?" என்று கேட்டேன்.

"ரெட்டச் சடையே போட்டுட்டனுங்க. பள்ளிக்கூடத்துப் புள்ளையாட்ட இருக்கறா."

அன்று நான் வார்த்த தோசை இரண்டும் பிய்ந்துதான் வந்தன. அப்படியே தின்றுவிட்டேன்.