இரண்டாவது ஆல்பத்தைத் திட்டித் தேறினேன்

ஜெர்மனிக்குப் போவதற்காக நான் ஒரு பாட்டுக்காரியைத் திட்டினேன். நன்றாகவே திட்டினேன்.

யாங்கூனில் தின்கன்ஜூன் பேட்டையில் மருந்துக்கடை வேலை முடிந்ததும் வாரத்தில் நாலு நாள் ஜெர்மன் வகுப்புக்கு ஓடுவேன். ஜெர்மனியில் முதியோர் இல்லத்தில் வேலை பழகும்போதே சம்பளம் உண்டு என்று பாதி யாங்கூன் கிளம்பியிருந்தது. அதில் நானும் ஒருத்தி. பேச்சுத் தேர்வில் தேறினால்தான் விசாவுக்கே மனுப் போட முடியும். ஒருமுறை கோட்டை விட்டாயிற்று. மூன்றாம் முறைக்கெல்லாம் எனக்கு வயசும் இல்லை, பொறுமையும் இல்லை.

எங்கள் சயாமா, அதாவது டீச்சர், பர்மாக்காரி. ஒரு ஜெர்மன் பாப் பாடகியின் இரண்டு ஆல்பங்களைக் கேட்டுவிட்டு வரச் சொன்னார். முதலாவது, கேட்டாலே கால் ஆடும். இரண்டாவதில் வெறும் பியானோவும் மெதுவான குரலும்தான். தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிறவள் பாடுவது மாதிரி இருக்கும். அந்த ஊர்ப் பத்திரிகைகள் அதைக் கிழிகிழியென்று கிழித்திருந்தன. பழைய துள்ளல் எங்கே, தூக்கம்தான் வருகிறது என்று ரசிகர்களும் எழுதியிருந்தார்கள். வகுப்பில் உட்கார்ந்து அதையெல்லாம் படித்தோம்.

எனக்கோ அந்த இரண்டாவதுதான் பிடித்தது. பஸ்ஸில் போகும்போதெல்லாம் காதில் அதுதான். அவள் நிதானமாகப் பாடியதால் ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. அந்த மொழியில் யாரோ என்னிடம் பேசின மாதிரி இருந்தது அப்போதுதான்.

வகுப்பில் சயாமா ஒவ்வொருவரிடமும் கருத்துக் கேட்டார். முதலாவது எப்படி? நல்லா இருக்கு. ரெண்டாவது? அதுவும் நல்லா இருக்கு. இதற்கு எங்கள் ஊரில் ஆனாடே என்று பெயர். எதிரில் இருப்பவர் மனசு நோகுமே என்று வாயை மூடிக்கொள்வது. தமிழர், பர்மியர் என்றில்லாமல் எல்லாருக்கும் இந்த வியாதி உண்டு. சயாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எல்லாமே நல்லா இருக்குன்னா, உன் தலையில ஒண்ணும் இல்லைன்னுதான் ஜெர்மன்காரங்க நினைப்பாங்க. குறை சொல்லப் பழகுங்க. சொன்னா அதுல நில்லுங்க. பாதியில மாத்தினா மார்க் போச்சு!"

சரி, குறைதானே வேண்டும்? பத்திரிகைகளில் வந்த குறைகளை எல்லாம் மனப்பாடம் செய்தேன்.

தேர்வில் எதிரே நரைத்த தலையோடு ஒரு ஜெர்மன்காரர். கேட்ட ஆல்பம் ஒன்றைப் பற்றிக் கருத்துச் சொல்லச் சொன்னார். அந்தப் பாடகியின் இரண்டாவது ஆல்பத்தில் உயிர் இல்லை, துணிச்சல் இல்லை, ஒரே இழுவை என்று மளமளவென்று ஒப்பித்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்படியா? எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். இங்கே தனியாக வந்ததிலிருந்து தினமும் கேட்கிறேன்" என்றார். "உங்களுக்கு ஒரு பாட்டுகூடவா பிடிக்கவில்லை?"

அட கடவுளே! எனக்கும்தான் என்று சொல்ல நாக்கு துடித்தது. மார்க் போய்விடுமே என்று பயம்.

"ஒன்றுகூட இல்லை" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். முகம் கொஞ்சம் சுருங்கியதைப் பார்த்தேன்.

தேறிவிட்டேன். பேச்சில் வகுப்பிலேயே அதிக மார்க் எனக்குத்தான். அம்மா தெருவுக்கே மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தாள். எனக்கோ வெட்கமாக இருந்தது. அந்தப் பாட்டைப் பற்றி மனம்விட்டுப் பேச ஒரே ஒரு ஜெர்மன்காரர் கிடைத்தார். அவரிடம் பொய் சொல்லித்தான் அவர் ஊருக்குப் போகிறேன்.