மிருகம் திரும்பிப் பார்த்த இடம்

அமெரிக்காவில், பிளசன்டனில், எங்கள் பக்கத்து வீட்டிலிருந்த தன் மகளைப் பார்க்க வந்திருந்தார் அந்த ஜப்பானியர். ராட்சத மிருகங்கள் சண்டை போடும் டிவி தொடர்களுக்குக் கதை எழுதியே காலம் தள்ளியவர். சும்மா இருக்கும்போதும் காட்சியின் நொடிகளை எண்ணுவதுபோல் முழங்காலில் விரலால் தட்டிக்கொண்டே இருப்பார்.

ஒருநாள் எங்கள் வீட்டில், என் மகள் பார்த்துக்கொண்டிருந்த அமெரிக்கத் தொடரைக் காட்டி, "இந்தச் சண்டை நான் எழுதினது," என்றார் ஆங்கிலத்தில். "சண்டையை மட்டும் வாங்கிட்டு, மீதிக் கதையை இங்கே மாத்திட்டாங்க."

திரையில், அடிபட்டு விழுவதற்கு முன் மிருகம் ஒருமுறை திரும்பிப் பார்த்தது. அவர் விரல் நின்றது.

"யாரைப் பார்க்குது?" என்றேன்.

"அதோட குட்டியை. குட்டி வர்ற காட்சியை இங்கே வெட்டிட்டாங்க."

"ஹி இஸ் தி பேட் கை, அங்கிள்," என்று திருத்தினாள் என் மகள். அவர் விரல் மறுபடி முழங்காலில் தட்டத் தொடங்கியது.

இப்போதும் அந்தத் தொடர் எங்காவது ஓடினால், நான் திரையின் ஓரத்தில் குட்டியைத் தேடுகிறேன்.