எல்லோரும் தரையில், நான் மட்டும் ஸ்டூலில்

இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். தொந்தரவாக இருந்தால் மன்னியுங்கள். (லைக் போடவே கூச்சப்படுகிற ஆள் நான்!)

இன்று எங்கள் கடையில் ஒரு ஸ்டூலுக்காகப் பஞ்சாயத்து.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவுளி மொத்த விற்பனைக் கடையில் பில் போடுகிறேன். பழைய முறைக் கடை. தரை முழுக்க மெத்தை. முதலாளி, சரக்கு வாங்க வரும் வியாபாரி, நான், எல்லோரும் சம்மணம் போட்டுத்தான் உட்கார வேண்டும்.

என் இடது கால் மடங்காது. சிறு வயதிலிருந்தே காலிப்பர் என்கிற இரும்புத் தாங்கி மாட்டியிருக்கிறேன்.

காலை நீட்டினால் வியாபாரிக்கு மரியாதைக் குறைவு. ஸ்டூலில் உட்கார்ந்தால் அவரைவிட உயரம், அதுவும் மரியாதைக் குறைவு. (பறக்கத்தான் வேண்டும்!)

இத்தனை நாள் ஒருக்களித்து உட்கார்ந்தே சமாளித்தேன். இன்று காலையில் இடுப்பு வலி தாங்காமல் முதலாளியிடம் கேட்டுவிட்டேன்.

"அண்ணா, ஒரு ஸ்டூல் போட்டுக்கட்டுங்களா?"

"ஏங் கண்ணு, யாவாரி கீழ உக்காந்திருக்கறப்ப நீ மேல உக்காந்தா நல்லாவா இருக்கும்? முடியலைன்னா சொல்லீரு, வேற ஆளப் பாத்துக்கறேன்."

கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது. எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. முதல் வேலையும் இதுதான்.

சாப்பாட்டு நேரத்தில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை மொபைலில் தேடினேன். அது அரசு வேலைக்கு மட்டும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். தனியார் நிறுவனங்களைப் பற்றியும் இருக்கிறது! வேலை செய்யத் தேவையான, நிர்வாகத்துக்குப் பெரிய சுமையாகாத வசதியை மறுப்பதும் பாகுபாடுதானாம்.

துணி மடிக்கும் மல்லிகா அக்காவிடம் காட்டினேன்.

"ஸ்டூலுக்கெல்லாமா சட்டம் போட்டிருக்காங்க? எம் முதுகு வலிக்கு ஏதாச்சும் இருக்குதான்னு பாருடி!"

முதலாளியிடம் அந்த வரியைப் படித்துக் காட்டினேன்.

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாருமில்லீங்ணா. நானே படிச்சேனுங்க."

கொஞ்ச நேரம் என் காலையே பார்த்தார்.

"செரி, போட்டுக்க. எந்த யாவாரியாச்சும் மொகஞ் சுளிச்சா அன்னைக்கே எடுத்துருவேன்."

சாயங்காலம் ராசிபுரத்து வியாபாரி ஒருவர் வந்தார். ஸ்டூலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க மொதலாளி, எனக்கும் இதாட்டம் ஒண்ணு போடுங்க. முட்டி போயி வருசக்கணக்காச்சு, வெக்கப்பட்டுட்டு கேக்காம இருந்தேன்."

மல்லிகா அக்கா துணிக்குள் முகத்தை வைத்துச் சிரித்தார்.

இன்று பிழைத்தேன். நாளை வருகிறவர் முகம் சுளித்தால்?

வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் இதே யோசனை. இந்த ஸ்டூல் முதலாளி மனது வைத்துக் கொடுத்ததா, எனக்கு உரியதா? ஆறு பேர் வேலை செய்யும் கடையை அந்தச் சட்டம் எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று. கேட்கலாமா என்று தெரியவில்லை.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் நேரிலேயே விசாரிக்கலாம் என்றிருக்கிறேன். தனியாகப் போகப் பயம்.

சேலத்தில் இருக்கிற யாராவது கூட வருகிறீர்களா?

நீங்கள் பேச வேண்டாம். அதை நான் பார்த்துக்கொள்வேன்.

பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.