அரிசி அடைத்த தலையணை

என் மகள் வீடு ஜாதவ்பூரில் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. போன துர்கா பூஜைக்கு அங்கே போனபோது இரண்டாவது மாடித் திருப்பத்தில் எனக்கு மூச்சு வாங்கி, கால் ஒரு அடி நகரமாட்டேன் என்றது. வங்காளி மாப்பிள்ளை ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து படிக்கட்டிலேயே போட்டார். அந்த மாடிக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். புதுப் பட்டுச்சேலையோடு, படிக்கட்டில், ஒரு மூட்டையைப் போல உட்கார்ந்திருந்தேன். அதை நான் மறக்கவில்லை.

என் வீட்டுக்காரர் இங்கே துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, அதன்பின் போய்ச் சேர்ந்தும் விட்டார். லேக் மார்க்கெட் பக்கம் ஒரு கீழ்த்தளத்து வாடகை வீட்டில் தனியாக இருக்கிறேன். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், அதுவும் தமிழ் மட்டும். ஆனாலும் யாரிடமும் போய் நின்றதில்லை. தனியாக இருப்பது கஷ்டமா என்று கேட்டால் இல்லை என்பேன். மகளிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

அந்தப் பூஜை முடிந்த பிறகு ஒரு நாள் அவளே போனில் ஆரம்பித்தாள்.

“இங்கயே வந்துடும்மா. தனியா எதுக்குக் கெடக்குற? உனக்கு ஒரு கட்டில் போடுறேன்.”

“உங்க மாடிய யாருடி ஏறுறது?”

“அதுக்குத்தான் சொல்றேன். ஒரு கோர்ஸ் இருக்கு. வீட்டுலயே பண்ணலாம். ஆனா ரொம்ப ஹார்டு. உன்னால முடியுமா?”

முடியுமா என்று யாராவது கேட்டுவிட்டால் எனக்குப் பொறுக்காது. மறுநாளே ஆரம்பித்தேன்.

போனை ஜன்னலில் சாய்த்து வைத்தால் அதில் ஒரு பெண் வருவாள். உடம்போடு ஒட்டின சட்டை. இந்தியில் கத்திக்கொண்டே குதிப்பாள். உட்காரு, எழு, ஓடு, படு, எழு. நின்ற இடத்திலேயே ஓட வேண்டும். முதல் நாள் பாதியிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்கக் கட்டில் காலைப் பிடிக்க வேண்டியிருந்தது. விடவில்லை. அவள் குதித்தால் நான் குதிகாலையாவது தூக்கினேன். புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஓடினேன்.

பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். “என்ன மாஷிமா, எந்த ஊர்ல ஓட்டப்பந்தயம்?” என்று வங்காளத்தில் கேட்டாள். மாஷிமா என்றால் இங்கே சித்தி மாதிரி.

“எந்த ஊரானா என்ன, உன்னையும் கூட்டிட்டுப் போறேன். தண்ணி பாட்டில் தூக்க ஆள் வேணாமா?” என்றேன். அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

வாரத்துக்கு ஒரு தடவை பேசினால் அதிகம் என்றிருந்த மகள், இப்போது தினம் காலையில் போனில் முகத்தைக் காட்டினாள். நான் செய்வதைப் பார்ப்பாள். “முதுகு வளையுதும்மா. நேரா. ஆங், சூப்பர்!” என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் விடிவதற்கு முன்பே எழுந்து காத்திருந்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே ஒரு கோல்பாலிஷோடு வந்தாள். இங்கே எல்லார் வீட்டிலும் இருக்கும், இரவில் கட்டிக்கொண்டு தூங்குகிற நீள உருண்டைத் தலையணை. பஞ்சைப் பாதி பிடுங்கிவிட்டு, என் வீட்டுப் புழுங்கலரிசியைத் துணிப்பைகளில் கட்டி உள்ளே திணித்துத் தைத்தாள். கட்டிலில் கிடத்தினாள்.

“இத ஒருக்களிச்சுப் படுக்க வை. இப்ப ரெண்டு கையையும் கீழ குடுத்து, நெஞ்சோட சேத்துத் தூக்கி உக்கார வை. தோளுக்குக் கீழ பிடிக்கணும்மா.”

“தலகாணிக்குத் தோளாடி?”

“இருக்குன்னு நெனச்சுக்கோயேன். கோர்ஸ்ல அப்படித்தான்.”

போனில் குதிக்கிற பெண் எந்தத் தலையணையையும் தூக்கியதில்லை. படித்த மகள், அவளுக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டேன். தினம் அதைப் புரட்டினேன், தூக்கினேன், உட்கார வைத்தேன். முதலில் அது என்னையும் சேர்த்துச் சாய்த்தது. போகப்போகச் சொன்னபடி கேட்டது. உடம்பு இறுகி, ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என்னைப் பிடித்தது.

“இப்ப வாம்மா,” என்றாள் மகள்.

ஒரு பையில் துணியும், டப்பாவில் எலுமிச்சை ஊறுகாயும் எடுத்துக்கொண்டு போனேன். கைப்பிடியைத் தொடாமல் மூன்று மாடியும் ஏறினேன். அந்த இரண்டாவது மாடித் திருப்பத்தில் வேண்டுமென்றே நின்றேன். ஒரு கதவும் திறக்கவில்லை. திறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போயிருந்தார்கள். சம்பந்தியம்மாவுக்கு, அதாவது மாப்பிள்ளையின் தாயாருக்கு, பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகப் படுக்கை. அவரைப் பார்த்துக்கொள்கிற ஆயாதான் கதவைத் திறந்தாள். தோளில் கைப்பை, காலில் செருப்பு. கிளம்பத் தயாராக நின்றாள்.

“வந்துட்டீங்களா மாஷிமா? உங்களுக்காகத்தான் நின்னேன். இன்னையோட என் கணக்கு முடிஞ்சுது. டயபர் கட்டிலுக்கு அடியில, மருந்து அலமாரியில. தூக்கிறதெல்லாம் நீங்க பழகிட்டீங்கன்னு உங்க பொண்ணு தீதி சொன்னாங்க.”

நான் பதில் சொல்வதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள்.

உள்ளே போய்ப் பார்த்தேன். எனக்குப் போடுவதாகச் சொன்ன கட்டில், சம்பந்தியம்மா கட்டிலை ஒட்டிக் கிடந்தது. ஆயா இரவில் படுக்கிற மடக்குக் கட்டில். புது விரிப்புப் போட்டிருந்தார்கள்.

அப்போது சம்பந்தியம்மா தலையணையிலிருந்து சரிந்து, கழுத்து ஒடிந்தாற்போலக் கிடந்து முனகினார். பையை வைத்தேன். முட்டியை மடக்கினேன். தோளுக்குக் கீழ் கை கொடுத்து, நெஞ்சோடு சேர்த்துத் தூக்கி உட்கார வைத்தேன். அத்தனை லகுவாக வந்தார். அந்தக் கனம் என் கைகளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அந்த அரிசித் தலையணையின் கனம்.

அவர் என்னைப் பார்த்தார். நல்ல கையால் சேலையை இழுத்து மார்பை மூடப் பார்த்தார். “நீங்களா? ஆயா எங்கே?” என்று குழறினார். “சீ, சீ, நீங்க போய் இதெல்லாம் செய்றதா...” கண்ணில் நீர் வந்துவிட்டது. மகள் கல்யாணத்தில் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, “நல்லா வேலை செய்த கை,” என்று சொன்னவர் இவர். அது புகழ்ச்சியா, வேறா என்று இத்தனை வருஷமாகத் தெரியாமலே இருந்தேன். ஆயாவுக்குப் பதில் நான் வரப்போகிறேன் என்று அவருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

சாயங்காலம் வரை நானே எல்லாம் செய்தேன். படுத்திருப்பவர் என்ன பாவம் செய்தார்?

மகள் வந்ததும் என் பையைப் பார்த்தாள். நான் அதைத் திறக்கவே இல்லை.

“ஏம்மா, என்னாச்சு?”

“ஆயா போயிட்டா.”

“ஒருத்தியும் சரியில்லம்மா. ஒருத்தி தூங்குறா, ஒருத்தி நாள் முழுக்க போன் பாக்குறா. உன்ன விட்டா நான் யார நம்புவேன் சொல்லு?”

“என்கிட்ட ஏன் கேக்கல?”

“கேட்டா நீ வருவியா?”

“அதுக்குத்தான் தலகாணிய குடுத்தியா?”

அசதி அவள் முகத்திலும் இருந்தது. நான் பெற்றவள், அது எனக்குத் தெரியாமல் இல்லை. கேட்டிருந்தால் வந்திருப்பேனா என்றால், எனக்கே தெரியாது. ஆனால் கேட்டிருக்க வேண்டும். மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு வாய் இருந்தது.

ஊறுகாயை மட்டும் வைத்துவிட்டுக் கிளம்பினேன். சம்பந்தியம்மாவிடம் சொல்லிக்கொள்ளப் போனபோது என் கையைப் பிடித்தார். நாளைக்கு வருவீர்களா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து கோல்பாலிஷைப் பிரித்து அரிசியை எடுத்துப் புடைத்தேன். களைந்து உலை வைத்தேன். சோற்றில் பஞ்சு வாடை அடித்தது. சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் ஜன்னலில் போன் அடித்தது. அந்த நேரத்துக்கு அவள்தான் அடிப்பாள். நான் எடுக்கவில்லை. ஆனால் சத்தம் கேட்டதுமே பாழாய்ப்போன இந்த உடம்பு, பழக்கத்தில், எதையும் பிடிக்காமல் தானாக எழுந்து நின்றது.