உட்கார்ந்து பழக்கித் தரப்படும்

என் அக்கா வீட்டுக்குப் போனால் உட்காருவதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: "இது வித்தாச்சா?" நான் ஒருமுறை கேட்காமல் உட்கார்ந்துவிட்டேன். பாதிக் காபியில் எழுப்பி, நாற்காலியை வேனில் ஏற்றினார்கள். பிறகு காபிக் கோப்பையையும் வாங்கிக்கொண்டார்கள். நாற்காலியோடு சேர்த்துப் பேசி முடித்ததாம். மீதிக் காபியை டம்ளரில் ஊற்றிக் கொடுத்த பெருந்தன்மையை மட்டும் மறுக்க மாட்டேன்.

அக்காவுக்குத் தொழில் பழைய வீட்டுச் சாமான் வாங்கி விற்பது. தெருவில் அவளுக்குப் பெயரே 'பழசு'. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவளும் பட்டம் வாங்கியவள் போலத் திரும்பிப் பார்ப்பாள். இடிக்கப்போகிற பங்களா, மூடப்போகிற ஹோட்டல் என்று எங்கே இருந்தாலும் முதல் ஆளாக நிற்பாள். ஆனால் கண்டதையும் வாங்க மாட்டாள். அவள் கண்ணுக்குப் பிடிக்க வேண்டும். அவள் கண்ணுக்குப் பிடிப்பது பச்சை. கிளிப்பச்சையும் இல்லை, பாசிப்பச்சையும் இல்லை. ஒரு காலத்தில் பச்சையாக இருந்து, வெயில் பட்டுப் பட்டு மனசு மாறிப்போன பச்சை. பச்சைக் கண்ணாடி விளக்கு, பச்சை எனாமல் ஜக், பச்சை மெத்தை போட்ட பிரம்பு நாற்காலி. சுவரும் அதே நிறம், அவள் உடுத்துவதும் அதே நிறம். சில நேரம் ஆள் எங்கே நிற்கிறாள் என்று தெரியாது, குரல் மட்டும் வரும்.

கடை என்று தனியாகக் கிடையாது. வீடுதான் கடை. "வீட்டோட பழகாத சாமான் பழசு இல்லடி, குப்பை" என்பாள். ஆகவே வாங்கி வந்ததை உடனே விற்க மாட்டாள். ஜக்கில் தண்ணீர் குடிக்க வேண்டும். கண்ணாடியில் தலை சீவ வேண்டும். நாற்காலியில் ஆள் உட்கார வேண்டும். இந்தக் கடைசி வேலைக்குத்தான் அத்தான்.

அத்தான் தண்ணீர் வரி ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உட்காருவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஒரு காலை மடக்கி, பேப்பரை நாலாக மடித்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உட்காருவார். படிக்கிறாரா தூங்குகிறாரா என்று இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை. எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அதற்கென்றே பெற்று வளர்த்த பிள்ளை மாதிரி இருப்பார். பார்க்கிறவர்களுக்கு அந்த நாற்காலி மேல் ஆசை வந்துவிடும். அவரை எழுப்பி அக்கா விற்றுவிடுவாள். நாற்காலியைத்தான்.

இப்படியே நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பிரம்பு நாற்காலியைப் பல் டாக்டரம்மா வாங்கினார். தன் கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கிற அறையில் போட்டார். ஒரே வாரத்தில் போன்.

"உங்க வீட்ல இருந்தப்போ ஒரு களை இருந்துச்சும்மா. இங்க வந்ததும் சும்மா கெடக்குது."

அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். நாற்காலியைச் சுவரோரம் தள்ளினாள், திருப்பினாள், தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள். தொழிலில் அவள் பொய் சொல்ல மாட்டாள். அதுதான் வினை.

"குறை நாற்காலில இல்ல டாக்டர். இதுல எங்க வீட்டுக்காரர் உக்காந்திருந்தாரு. நீங்க அவரையும் சேத்துப் பாத்திருக்கீங்க."

"அப்ப என்ன பண்றது?"

வேறு யாராக இருந்தாலும் நாற்காலியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்திருப்பார்கள். என் அக்கா சொன்னாள்: "ரெண்டு நாளைக்கு அனுப்பி வைக்கறேன். உக்காந்து பழக்கிட்டு வந்துடுவாரு."

நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டரம்மா, "சாப்பாடு நாங்க பாத்துக்கறோம்" என்றுவிட்டார். வேலியில் போகிற ஓணானை எடுத்துக் காதில் விட்டுக்கொள்வது என்பார்களே, அதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

அத்தான் மறுப்பே சொல்லவில்லை. குடையை எடுத்துக்கொண்டு, "லஞ்ச் பிரேக் உண்டா?" என்று மட்டும் கேட்டார்.

கிளினிக்கில் அவர் உட்கார்ந்ததும் அறைக்கே உயிர் வந்துவிட்டது. பல் பிடுங்க வந்து, உள்ளே மெஷின் சத்தம் கேட்டதும் செருப்பைத் தேடுகிறவர்கள் எல்லாம் அவரைப் பார்த்து நின்றார்கள். "நீங்க எதுக்கு வந்திருக்கீங்க?" என்று கன்னம் வீங்கிய ஒருவர் கேட்டதற்கு, "உக்கார" என்று பதில் சொன்னாராம். கேட்டவருக்கு வலி பாதி குறைந்துவிட்டது. பல்லில் ஒரு கேடும் இல்லாதவர்கள்கூட வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். ரெண்டு நாள் என்பது வளர்ந்துகொண்டே போனது. காலையில் போவார், சாயங்காலம் வருவார். ஓய்வு பெற்ற மனுஷனுக்கு மறுபடி ஆபீஸ் வந்துவிட்டது.

ஒரு சாயங்காலம் திரும்பி வந்தவர் படுக்கையறையில் குடையோடு அப்படியே நின்றார். கட்டிலைக் காணோம்.

"நல்ல பார்ட்டிங்க. விட மனசு வரல," என்றாள் அக்கா. "இன்னைக்கு சோபாவுல படுங்க."

"சோபா வித்தாச்சா?"

"அட்வான்ஸ்தான் குடுத்திருக்காங்க."

அத்தான் குடையைக்கூடக் கீழே வைக்கவில்லை. தலையணையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்த வழியே போய்விட்டார். கிளினிக் மாடியில் ஒரு அறை காலியாக இருந்தது.

"கோவம் ஆறுனா தானா வருவாரு" என்று அக்கா வீறாப்பாகச் சொன்னாள். வரவில்லை. வீட்டில் வியாபாரமும் படுத்தது. வருகிறவர்கள் சுற்றிப் பார்த்துவிட்டு, "போன தடவ வேற மாதிரி இருந்துச்சே" என்று நழுவினார்கள். என் புருஷனைக் கொஞ்ச நாள் உட்கார வைத்துப் பார்த்தாள். அவர் உட்கார்ந்த சோபா பேங்கில் கடனுக்குக் காத்திருக்கிற சோபா போல ஆகி, அட்வான்ஸ் கொடுத்தவர்களும் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அக்காவோடு ஒரு நாள் பேசவில்லை.

கடைசியில் என்னைத்தான் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள். அத்தான் பிரம்பு நாற்காலியில் இருந்தார்.

"எந்திரிங்க, போலாம்."

"மெதுவா பேசு. வலியோட இருக்காங்க."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நோயாளிகளின் பெஞ்சில் உட்கார்ந்தாள். டோக்கன் கொடுக்கிற பெண் இவளுக்கும் ஒன்று கொடுத்துவிட்டுப் போனாள்.

"அப்படி என்னதாங்க இங்க கெடக்குது?" என்றாள் ரகசியமாக.

அத்தான் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கீழே இறக்கினார். "நேத்து உக்காந்த நாற்காலி இன்னைக்கும் இருக்கு," என்றார். "காலையில எந்திரிச்சதும் இறங்கி வந்து பாப்பேன். இருக்கும். அவ்வளவுதான்."

பெஞ்சில் இருந்த பெரிய மனுஷர் ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். பல்வலியாகவும் இருக்கலாம்.

பஸ்ஸில் வரும்போது அக்கா அழுதாள். வாழ்க்கையில் எனக்கு முன்னால் அவள் அழுததில்லை, திட்டித்தான் பார்த்திருக்கிறேன். "எனக்கு அவரு வேணும்டி. வீட்ல எல்லாம் அழகா இருக்கு. உள்ள போகவே பயமா இருக்குடி."

"அப்ப ஒரு நாற்காலிய அவருக்குன்னு வச்சிரு."

"வைப்பேன். யாராவது வந்து ஆசையா பாப்பாங்க. நான் வித்துடுவேன். என்னைப் பத்தி உனக்குத் தெரியாதா?"

தெரியும். அவள் மூக்கைச் சிந்திவிட்டு இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கினாள். எதிரே, அவள் இதுவரை காலடி வைக்காத ஒரு புது பர்னிச்சர் கடை. நேராக உள்ளே போனாள், பின்னால் நானும்.

"எப்படிப்பட்டது வேணும்?" என்றார் கடைக்காரர்.

"எனக்குச் சுத்தமா புடிக்காததா ஒண்ணு குடுங்க."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன். ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒன்று பரவாயில்லை என்று ஒதுக்கினாள்; ஒன்றைத் துடைத்தால் நன்றாக இருக்கும் என்று பயந்து தள்ளினாள். கடைசியில் மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ரத்தச் சிவப்பு. முதுகில் ஒரு டால்பின் படம். அதைப் பார்த்ததும் அக்காவுக்கு உண்மையிலேயே குமட்டியது. "இதுதான்" என்றாள்.

அன்றைக்கே அதைப் பச்சை ஹாலின் நடுவில் போட்டாள். அத்தானுக்குச் சொல்லி அனுப்பினாள். அவர் தலையணையோடு வந்து, நாற்காலியைச் சுற்றி ஒரு முறை நடந்து, டால்பினை உற்றுப் பார்த்தார்.

"இது யாரு வாங்குவா?"

"யாரும் வாங்க மாட்டாங்க. உக்காருங்க."

உட்கார்ந்தார். காலை மடக்கினார், பேப்பரை நாலாக மடித்தார். அக்கா சமையலறைக்குள் போய் நெடுநேரம் பாத்திரம் கழுவினாள்.

ஒரு மாதம் நிம்மதி. பிறகு ஒரு நாள், பெரிய ஹோட்டல்களுக்கு உள் அலங்காரம் செய்கிற ஒரு பெண் வந்தாள். பச்சை விளக்கைப் பார்த்தாள், பச்சை ஜக்கைப் பார்த்தாள், ஹாலுக்கு வந்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ! இவ்வளவு பச்சைக்கு நடுவுல இந்தச் சிவப்பு! இந்தத் தைரியம் உங்களுக்கு மட்டும்தாங்க வரும். இத எனக்குக் குடுத்துடுங்க. என்ன கேட்டாலும் தர்றேன்."

அக்கா நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். தலையைச் சாய்த்தாள். சிவப்பு அவள் கண்ணுக்கும் மெல்லப் பிடிபடுவது எனக்கே தெரிந்தது. கூடப் பிறந்தவள், அந்தப் பார்வை தெரியாதா? வேன் வந்து நிற்பதே என் காதில் கேட்டுவிட்டது.

"இல்லம்மா," என்றாள். "அதுல ஆள் இருக்காங்க."

"காலியாத்தானே இருக்கு?"

"கை கழுவப் போயிருக்காரு," என்றாள் அக்கா. "வந்துடுவாரு."